முந்நூற்று ஒன்றாவது எண்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நீ பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. வருவாய் என்று கடைசி நிமிடம்வரை படிக்கட்டிலேயே நின்றேன். நடத்துனர் இரண்டு தடவை திட்டிவிட்டார். வண்டி கிளம்பியதும் உன் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் கூப்பிட்டால், "எதுவா இருந்தாலும் எழுது. போன்ல உன் முணுமுணுப்பைக் கேட்க எனக்குப் பொறுமை இல்ல" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

உன் மில் ஆபீசில் நீ கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலையை நான் வேண்டாம் என்றதில் உனக்குக் கோபம். நம் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் கண்ணெதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அதைவிட, "வாய்க்குள்ளேயே பேசுறவ முன்னூறு ஆம்பளைங்ககிட்ட என்னத்தைக் கேட்டு எழுதப் போற?" என்று கேட்டாயே, அதுதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் எனக்கும் அதே பயம்தான்.

இது இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, பெரிய சம்மட்டி இயந்திரத்தால் அடித்து, லாரி அச்சு செய்கிற ஆலை. ஒவ்வொரு அடிக்கும் என் மேஜைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும்புகிறது. கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற அறையை எங்கள் உடல்நலக் கணக்கெடுப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணூறு தொழிலாளர்களில் முந்நூறு பேரின் டோக்கன் எண்களைக் குலுக்கி எடுத்திருக்கிறோம். அவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். மூச்சு, முதுகு, காது பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். ஐந்தில் ஒருவருக்காவது நாள்பட்ட நோய் இருந்தால் ஆலைக்குள்ளேயே ஒரு சிகிச்சை அறையும் தினமும் ஒரு நர்ஸும் தருவதாக நிர்வாகம் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. எண்ணிக்கை அதற்குக் குறைந்தால் ஒன்றும் கிடையாது. எனக்கு மேலே இருக்கும் டாக்டரம்மா சொன்னார்: "நீ சரியா அளந்து சரியா எழுதினா போதும்மா. மிச்சத்தை அந்த எண்ணே பேசிக்கும்."

முதல் நாள் நான் தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். வந்தவர்கள் எல்லாரும் "என்னம்மா? என்னம்மா?" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஒருவர் சொன்னார்: "சத்தம் போட வேணாம்மா. தலையைத் தூக்கிப் பேசு, அது போதும்." தூக்கிப் பேசினேன். அதே சின்னக் குரல்தான். ஒருவர்கூடத் திரும்பக் கேட்கவில்லை!

முகங்களைப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. கேள்வி முடிந்ததும் கையைத்தான் பார்க்கிறேன். எத்தனை விதமான கைகள் அம்மா!

உன் பூனை

*

மார்ச் 9

அடியே பூனை,

லெட்டர் கெடச்சுது. நீ அனுப்பின குரல் செய்தியும் வந்துச்சு. ஒரே கரகர. பஸ் சத்தம்தான் கேட்டுச்சு, ஒரு எழுத்து புரியல. பாடம் ஒப்பிக்கச் சொன்னாலும் அப்படித்தான், பூனை நடக்கிற மாதிரி பேசுவ. தலையைத் தூக்கிப் பேசுன்னு இருபது வருஷமா நான் கத்தினேன். கேட்கல. யாரோ ஒரு ஆளு ஒரு தடவை சொன்னதும் தூக்கிட்டியாக்கும். ரொம்ப சந்தோஷம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரலேன்னு எழுதியிருக்க. எனக்கு ஷிப்டு. அவ்வளவுதான். ரெண்டு நாள் லீவு மிச்சம் இருந்துச்சுன்னு என்கூட வேலை பார்க்கிற பாபின்காரி உங்கிட்ட உளறினா நம்பாத.

ஆபீஸ் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு. சும்மா சொல்றேன்.

எங்க மில்லுலயும் வருஷா வருஷம் டாக்டர் வந்து பார்க்கிறாரு. நூல் ஓட்டுற நூத்தி இருபது பேருல ஒருத்திக்கும் ஒரு குறையும் கெடையாது. எல்லாரும் பாஸ். உங்க இரும்புக்காரங்களுக்கு என்ன வந்துச்சாம்?

வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கேன். பழசு துரு புடிச்சுப் போச்சு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

*

மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மில்லைப் போலவே இங்கேயும் எல்லாரும் பாஸ். அதுதான் பிரச்சினை.

நூற்றைம்பது பேரை முடித்துவிட்டேன். நோய் இருப்பது பதினான்கு பேருக்குத்தான். டாக்டரம்மா என் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பட்டறையா, பயில்வான் பள்ளிக்கூடமா?" என்றார். வாசல்வரை நடந்து வரவே மூச்சு வாங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் எங்கே போனார்கள்?

வியாழக்கிழமை விடை கிடைத்தது. ரத்த அழுத்தப் பட்டையைக் கட்ட ஒருவரின் சட்டைக்கையை மேலே சுருட்டினேன். முழங்கைக்குக் கீழே ஒரு தீக்காயத் தழும்பு, தூண்டில் முள் மாதிரி வளைந்து இருந்தது. இந்தத் தூண்டிலை எனக்குத் தெரியுமே! செவ்வாய்க்கிழமை வேறு எண்ணில் வந்தது. திங்களன்றும் வந்தது. விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஊசி ஓட்டை. குத்துவதற்குப் புது இடமே இல்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து ஒரு ஆளின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நெடுநெடுவென்று உயரம், நீளக் கழுத்து. தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்.

"அண்ணே, இது எத்தனாவது தடவை?"

"இப்பத்தான் முதல் தடவை."

"இந்த விரலைக் கேட்டா வேற சொல்லுமே?"

அவர் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஒன்பது, தங்கச்சி" என்றார். "கேட்டு முடிச்சதும் நீ கையை மட்டுமே பார்க்கிறதால முகம் தெரியாதுன்னு நெனச்சோம். என் பிரஷர் நல்ல பிரஷராம். பசங்க வந்து கேட்டா எப்படி இல்லேங்கிறது?"

ஆலையில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். அவரைப் போல இன்னும் இரண்டு பேர் கை கொடுத்திருக்கிறார்கள். ஆக இந்த நூற்றைம்பதில் எது யாருடைய கை என்றே தெரியாது. இன்னும் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், ஒரே ஆளை ஒன்பது தடவை அளந்த கெட்டிக்காரி என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நோயை மறைத்தால் அவர்களுக்கு வர வேண்டிய சிகிச்சை அறைதானே போகும்? ஏன் அம்மா இப்படிச் செய்கிறார்கள்? நீயும் ஆலையில்தானே இருக்கிறாய்.

உன் பூனை

*

மார்ச் 21

பூனை,

பஸ்ஸுல வர்றப்ப படிச்சேன். ஒன்பது தடவைங்கிற இடத்துல சத்தமாச் சிரிச்சுட்டேன் போல, டிரைவரே திரும்பிப் பார்த்தாரு. அந்த ஒட்டகத்துக்கு என் சார்பா ஒரு டீ வாங்கிக் குடு.

பட்டம் வாங்கின பொண்ணு இதைப் போய்க் கேட்கிறியே. பயம்டி. வேற என்ன? நீ பேரோட எழுதுற. அந்த ஏடு எங்க போகும்? ஆபீசுக்குப் போகும்னுதான் அவன் நெனப்பான். எங்க மில்லுல ஒருத்தி இருமுறான்னு எழுதினாங்க. அடுத்த வாரம் முற்றம் பெருக்க விட்டாங்க. அதுக்கு அடுத்த மாசம் அவளைக் காணோம். அதுக்கப்புறம் எங்கள்ல ஒருத்தியும் இருமுறதில்ல. இருமல் வந்தா கக்கூஸ்ல போய் இருமிட்டு வருவோம்.

காது டெஸ்டு நடக்கிறதைப் பார்த்தா நீ விழுந்து விழுந்து சிரிப்ப. டாக்டர் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு மெதுவா ஒரு எண்ணைச் சொல்லுவாரு. நாம திருப்பிச் சொல்லணும். பக்கத்து ஸ்டூல்ல பாபின்காரி உட்கார்ந்திருப்பா. அவர் நாலுன்னா, மேஜைக்கு அடியில கட்டைவிரலால நம்ம கால்ல நாலு தட்டு. ஏழுன்னா ஏழு. ஒரு வருஷம் அவளுக்குக் கால் சுளுக்கு. அவ தட்டினது எட்டா ஒன்பதான்னு தெரியாம நான் "எட்டரை"ன்னு சொல்லிட்டேன். டாக்டர் பாஸ் போட்டுட்டாரு!

பேரை எடுத்துடு. எண் மட்டும் இருக்கட்டும். யார் வேலையும் போகாதுன்னு பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டு எல்லாரும் பார்க்கிற இடத்துல ஒட்டணும். வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான்.

உங்க டாக்டரம்மாகிட்ட நாளைக்கே சொல்லிடு. ஒளிச்சு வெச்சா உனக்கும் அந்த ஒட்டகத்துக்கும் என்னடி வித்தியாசம்? வேலையை விட்டு அனுப்பினா அனுப்பட்டும். நாற்காலி காலியாத்தான் இருக்கு.

அம்மா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா ஏட்டை மூடினார், கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அம்மா. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "பதினெட்டு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சவங்க உண்டு. கையைப் பார்த்துக் கண்டுபிடிச்சது நீ ஒருத்திதான்" என்றார்.

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "யார் குடுத்த யோசனை?" என்றார். "எங்க அம்மா. மில்லுல நூல் ஓட்டுறாங்க" என்றேன். தலையைத் தூக்கித்தான் சொன்னேன்.

இப்போது சீட்டில் பெயர் கிடையாது. எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் டாக்டரம்மாவின் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. யார் வேலையும் போகாது என்று மேலாளர் கையெழுத்துப் போட்ட தாள் கேன்டீனில் தட்டு கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அங்கே நிற்காமல் யாரும் போக முடியாது. நூற்றைம்பது பேரையும் மறுபடி முதலிலிருந்து அளக்கிறோம். ஒட்டகம் அண்ணன்தான் ஆள் பிடித்து வருகிறார். "இந்தா தங்கச்சி, இவன்தான் நூத்திப் பதினாலோட ஒரிஜினல்" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போகிறார். அந்த ஒரிஜினலுக்கு அழுத்தம் நூற்று எண்பது. அன்றைக்கே மாத்திரை கொடுத்தோம்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை எனக்குச் சளி. முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வயசு என்னண்ணே?"

"மூணு. ரெண்டு பொண்ணு, ஒரு பையன்."

"முதுகு வலி உண்டா?"

"சைக்கிள்லதான் வருவேன்."

அடுத்தவரும் அப்படித்தான். "காது நல்லாக் கேட்குதா?" என்று கேட்டேன். "ஆறு மணிக்கு" என்றார். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் இப்படி. கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு அதே குரலில் கேட்டேன். எல்லாரும் டக்கென்று சரியாகப் பதில் சொன்னார்கள். அவர்கள் என் குரலைக் கேட்கவே இல்லை, அம்மா. முதல் நாளிலிருந்து என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

தலையைத் தூக்கிப் பேசு, அது போதும்.

நீ இருபது வருடமாகச் சொன்னதும் இதைத்தானே? நான் குனிந்து பேசினால்தான் உனக்குக் கோபம் வரும். உன் முகம் பார்த்துப் பேசியபோது நீ ஒருநாளும் திட்டியதில்லை. போனில் உதடு தெரியாது.

அம்மா, பாபின் சித்தி தட்டுவது "நம்ம" காலில் இல்லை. உன் காலில்தான், இல்லையா?

நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் காது பார்க்கிறார்கள். உனக்குப் பயமாக இருந்தால் நான் லீவு போட்டு வருகிறேன்.

உன் பூனை

*

ஏப்ரல் 7

என் காதுக்கு ஒண்ணும் இல்ல.

படிக்க வெச்சது எனக்கே நோட்டீஸ் ஒட்டவா? அந்தக் கூலியிலதான் உன்னை வளர்த்தேன். இன்னும் எட்டு வருஷம் இருக்கு எனக்கு. காது கேட்கலேன்னு ஒரு வார்த்தை வெளியில போனா நாளைக்கே முற்றம் பெருக்கணும். என் வேலைக்கு உலை வைக்காத.

வர வேணாம். எழுதவும் வேணாம்.

*

ஏப்ரல் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்றோடு முந்நூறும் முடிந்தது. ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் இருப்பவர்கள் நூற்று ஏழு பேர். ஐந்தில் ஒருவர் இல்லை, மூன்றில் ஒருவருக்கும் மேல். எண்ணைப் பலகையில் எழுதினேன். சங்கத்துக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். இத்தனை பேருக்கு நோய் என்பதற்குக் கை தட்டலாமா என்று தெரியாமல் எல்லாரும் ஒரு நொடி விழித்தார்கள். அப்புறம் கேன்டீனே அதிர்ந்தது. சிகிச்சை அறை வருகிறது. நான் நூற்றைம்பது கைகளை அளந்த அதே பின்னறைதான் அது.

முகக்கவசச் சமாசாரத்துக்குப் பிறகு டாக்டரம்மா காது அளக்கும் கருவியையும் கொண்டுவந்தார். முதலில் உட்கார்ந்தது ஒட்டகம் அண்ணன். "எல்லாம் நல்லா இருக்கும் பாருங்க" என்றார். பிரஷர் ஜோர், சர்க்கரை ஜோர், இரண்டு காதும் பெயில்! ஒன்பது பேருக்கு உடம்பு கொடுத்த மனுஷன், ஒரு காதைக்கூட யாரிடமும் கடன் வாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் அவருக்குக் காதுக் கருவி வந்தது. மாட்டிக்கொண்டு வெளியே போனவர் உடனே திரும்பி வந்தார். "தங்கச்சி, என் செருப்பு கீச்சுக் கீச்சுனு கத்துதே, எத்தனை நாளா?" மறுநாள் வேறு புகார். "என் பொண்டாட்டி குறட்டை விடுறா! பதினஞ்சு வருஷமா என் குறட்டைன்னு என்கிட்ட சண்டை போட்டவ!" அவர் இன்னும் அதே சம்மட்டியில்தான் நிற்கிறார். இயந்திரம் ஓடும்போது கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் காதுமூடி போட்டுக்கொள்கிறார். அவருக்கு மட்டுமில்லை, அந்த வரிசைக்கே காதுமூடி கொடுத்துவிட்டார்கள். யாரும் முற்றம் பெருக்கப் போகவில்லை.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் காட்டினால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். மில் பெயர் இல்லை. உன் பெயரும் இல்லை. எண் மட்டும்தான். பட்டியல் முந்நூறில் முடிந்ததால் உனக்கு முந்நூற்று ஒன்று.

நீ போகாவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. ஊருக்கு வரும்போது தலையைத் தூக்கிப் பேசுகிறேன். இத்தனை வருடம் அதைச் செய்யாததற்கு மன்னித்துவிடு.

உன் பூனை

*

மே 20

என் பூனைக்குட்டிக்கு,

அந்தச் சீட்டை அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன். ரெண்டு வாரம் அரிசி அளக்கிறப்ப எல்லாம் முன்னூத்தி ஒண்ணு, முன்னூத்தி ஒண்ணுன்னு எட்டிப் பார்த்துச்சு. பொறுக்க முடியல. பாபின்காரியைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

ஒரு கண்ணாடி அறையில உட்கார வெச்சாங்க. கூடவே அவளும் நுழைஞ்சா. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னாங்க. பழக்க தோஷம், அவ கால்ல தட்ட ஆரம்பிச்சுட்டா. கருவியில சத்தமே வரலியாம், இவ பாட்டுக்குத் தட்டுறா, நான் பாட்டுக்குக் கையைத் தூக்குறேன்! அங்க இருந்த பொண்ணு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு இவளை வெளியில அனுப்பிடுச்சு. அதுக்கப்புறம் நான் ரொம்ப நேரம் கையைத் தூக்கவே இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அவ அழுதா. மறுவாரம் அவளும் காதைக் காட்டச் சீட்டுப் போட்டுட்டா.

பதினாறாந்தேதி கருவி மாட்டினாங்க. வீட்டுக்கு வந்தா ஒரே சத்தம். டக்கு டக்குன்னு யாரோ சுவத்தைத் தட்டுறாங்கன்னு கதவைத் திறந்து பார்க்கிறேன், ஆள் இல்ல. கடைசியில பார்த்தா நம்ம கடிகாரம்! அது சத்தம் போடாத கடிகாரம்னுல்ல நெனச்சிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பத்தி என்ன பேசுறான்னும் இப்பத் தெரிஞ்சுது. அதை நேர்ல சொல்றேன், அதுக்குத் தனி லெட்டர் வேணும்.

மில்லுக்கு முடியை இழுத்து மூடிக்கிட்டுத்தான் போனேன். காத்தாடிக் காத்துல முடி பறந்து மேஸ்திரி பார்த்துட்டாரு. அவ்வளவுதான், துடைப்பத்தை எடுக்க வேண்டியதுதான்னு நின்னேன். கையைக் காட்டி மூலைக்குக் கூப்பிட்டாரு. அக்கம்பக்கம் பார்த்துட்டு ரகசியமாக் கேட்டாரு. ரகசியம்னா, மெஷின் ஓடுறப்பவே மில்லு முழுக்கக் கேட்கிற மாதிரி: "இது எங்க தர்றாங்க? எனக்கும் கேட்கல!" நூத்தி இருபது பேரும் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தி சிரிச்சா. அப்புறம் யாராலயும் அடக்க முடியல. இப்ப மேஸ்திரியே ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்காரு, எங்களையும் பேர் போடாம அளக்கச் சொல்லி. உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லி வை. தட்டுறதுக்கு இனி ஆள் இல்ல, தைரியமா வரலாம்.

ஒண்ணு சொல்லணும். நீ போன அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்தேன். தூண் பின்னால நின்னேன். நீ படிக்கட்டுல நின்னு ஏதோ சொன்ன. உதடு தெரியல. திரும்பி வந்தா வீட்டுச் சாவியைக் காணோம். கோபத்துல நீ எடுத்துட்டுப் போயிட்டேன்னு நெனச்சு, எதிர்வீட்டு ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைச்சேன். துரு புடிச்சுதுன்னு எழுதினது பொய்.

நேத்து உன் குரல் செய்தியைப் போட்டுக் கேட்டேன். கரகர எல்லாம் இல்ல. "அம்மா, சாவியை ஜன்னல் கட்டைமேல வெச்சிருக்கேன். ராத்திரி சாப்பிடாமப் படுக்காதே. நான் பேசினா உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும், அதான் சீக்கிரம் முடிச்சுடறேன்." அவ்வளவுதான். அதுக்கே மூணு தடவை மூக்கை உறிஞ்சிருக்க. ஜன்னல்ல கையை விட்டேன். சாவி அங்கேயே இருக்கு, தூசி படிஞ்சு.

இருபது வருஷமா உன் குரலை முணுமுணுப்புன்னேன். உலகத்துக்கே நல்லாக் கேட்கிற குரலை நான் ஒருத்தி கேட்காம, நீ பேசக் கூச்சப்படுற பொண்ணாவே ஆகிட்ட. அந்தச் செய்தியை ஏழு தடவை கேட்டேன். அழகான குரல்டி உனக்கு.

ஆபீஸ் நாற்காலியில வேற ஆள் வந்து உட்கார்ந்தாச்சு. உட்காரட்டும்.

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நானே போன் பண்றேன். கத்தாத. உன் இஷ்டத்துக்கு மெதுவாப் பேசு.

உன் அம்மா,
எண் 301